கோழியை எடுத்த தட்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இத்தாலிய உணவகத்தில் எங்களுக்குப் பரிமாறியவர் தமிழர்தான். பேசும்போதெல்லாம் சுத்தமான மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தைப்பூச விரதம் என்று சொல்லித்தான் காளான் பாஸ்தா கேட்டோம். கோழித் துண்டுகளோடு வந்தது. சொன்னதும் உள்ளே கொண்டுபோனவர், உடனே அதே தட்டோடு திரும்பினார்.

“கோழிய எடுத்தாச்சு அக்கா. இப்ப சைவம்தான் லா.”

மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையில் இருந்ததைப் போலவே பரிமாறியவர் மணிக்கட்டிலும் விரதத்துக்குக் கட்டும் மஞ்சள் காப்புக் கயிறு இருந்தது. யாரிடமும் அதிர்ந்து பேசாத எனக்கு ஆத்திரத்தில் குரல் உயர்ந்தது.

“நீங்களும் விரதம்தானே அண்ணே? இத நீங்க சாப்பிடுவீங்களா?”

மேசையைத் துடைத்தபடியே சொன்னார்: “நான் வீட்லதான் சாப்பிடுவேன் அண்ணே.”

மனைவி பட்டினியாகவே வீடு திரும்பினாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. சாமிக்குக் காப்புக் கட்டிய அந்தக் கையால்தான் கோழியைப் பொறுக்கி எடுத்தாரா?