பிரிக்காமல் விட்ட ஒரு வரிசை

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. எல்லாருக்கும் அவள் துணுக்கம்மா. தையல்காரர்கள் வெட்டித் தள்ளும் துணுக்குகளுக்கு உலகத்திலேயே ஒரே வாரிசு தான்தான் என்பதுபோல, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். முதலில் சிரித்த கடைக்காரர்கள் பிறகு பழகிப்போய் அவளுக்கென்று ஆளுக்கொரு அட்டைப்பெட்டி ஒதுக்கி வைத்தார்கள். சட்டைக் கையில் வெட்டியது, திரைச்சீலையின் மிச்சம், முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், பல் போன ஜிப்பு, ஜோடியைத் தொலைத்த பொத்தான் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். வேண்டாம் என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போட்டுப் போர்வையாகவும் சுவர்ப் படமாகவும் ஆக்கிவிடுவாள். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பாகம், நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓட்டுத்தையலாக வரிசை வரிசையாய்க் கையாலேயே தைப்பாள். கம்பளி நூலில் மரமும் பூனையும் பின்னி அதன்மேல் வைப்பாள். செப்புக் கம்பி, பழைய சாவி, உடைந்த வளையல் எல்லாம் ஏறும். முடித்த பிறகு பார்த்தால், அட, இதுவா அந்தக் குப்பை என்று வாயைப் பிளக்க வேண்டியதுதான்.

"கந்தல் மகாராணி" என்று கேலி செய்வார் அவள் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் கேலி செய்தாலும், பழைய லிஃப்ட்டைக் கழற்றும்போதெல்லாம் அதன் எண் போட்ட பொத்தான்களையும் செப்புக் கம்பியையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி குளிக்கப் போய்விடுவார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது, காலும் மெதுவாக வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. எத்தனை மாடிக் கட்டடங்களில் எத்தனை இரும்பை முறுக்கிய கை, ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் மடியில் கிடந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "சின்னச் சின்ன வேலையா கைக்குக் குடுங்க ஐயா, சும்மா விடாதீங்க" என்றாள்.

துணுக்கம்மா விட்டால்தானே! அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டால், "விடுங்க, நான் பண்றேன்" என்று ஓடி வருவாள். தண்ணீர் டம்ளரை நோக்கி அந்தக் கை நகர்ந்தாலே அவளுக்குக் கண் கலங்கும். அந்தக் கலக்கத்தை அவர் பார்ப்பார், கையை மறுபடி மடிக்கு இழுத்துக்கொள்வார். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

இந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் நூலகம் ஒன்றின் சுவருக்குப் பெரிய படம் ஒன்று கேட்டார்கள். அவளும் ஒத்துக்கொண்டாள். ஒரு உயரமான கட்டடம், நிறைய ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் பின்னல் திரை. நடுவே நீளமான ஜிப்பு ஒன்று. அதை இழுத்தால் லிஃப்ட் மேலே போகும். மாடிக்கு மாடி, புருஷன் கொண்டுவந்த எண் பொத்தான்கள். கட்டடத்துக்குப் பின்னால் பரந்த சாம்பல்நிற வானம், அதில் நெருக்கமாக ஓட்டுத்தையல்.

வானத்தில்தான் வினை ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டத்தின் முன் உட்கார்ந்தவள் திகைத்துப்போனாள். முந்தின நாள் தைத்த வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. தையலா அது! ஒன்று நீளம், ஒன்று குட்டை, குடித்தவன் நடை மாதிரி சாய்ந்து சாய்ந்து போயிருந்தது. நூல் முடிச்சு மேலேயே துருத்திக்கொண்டு நின்றது. முடிச்சை மேலே விடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. லேசாக ஒரு சுண்டு சுண்டி, பஞ்சுக்குள்ளே இழுத்து ஒளித்துவிடுவாள்.

"ஏங்க, நேத்து யாராவது வந்தாங்களா?"

"இங்க யாரு வரப்போறா?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

யாரும் வரவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அவர் ஊசியைத் தொட்டதே இல்லை, தொடக் கையும் இல்லை. அப்படியானால் மிச்சம் யார்? அவள் ஒன்றும் பேசாமல் அந்த வரிசையை மளமளவென்று பிரித்து எறிந்தாள்.

மறுநாளும் ஒரு வரிசை. பிரித்தாள். அடுத்த வாரமும் அதே கதை. ஊசிகள் வேறு வளைந்துபோய்க் கிடந்தன, நடுவில் பல் பட்டது போலக் கீறல். 'நானா இவ்வளவு அழுத்தி ஏத்தறேன்?' என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் இப்படிப் பயப்படக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா நல்ல தையற்காரி. அவளுக்கு மறதி தொடங்கியதே தையலில்தான். ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் பொத்தானே தைத்து, காஜா ஒன்றுகூடப் போடாமல் தூக்கிப் பிடித்து, "இதை எப்படிப் பூட்டறது?" என்று அவளே கேட்டாள். வீடே சிரித்தது, அக்காவும் சிரித்தாள். கொஞ்ச காலத்தில், கூடப் பிறந்தவளையே பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றாள். அப்போது சிரிக்க யாருக்கும் தெம்பு இல்லை.

'எனக்கும் வந்துருச்சா?' இந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மனுஷனுக்கு யார் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார்கள்? யார் ஊட்டிவிடுவார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பால் பொங்கி வழிந்தால் மறதி. சாவியைத் தேடினால் மறதி. தெருவில் ஒருவர் வணக்கம் சொல்லி, அவர் யார் என்று சட்டென்று நினைவு வராவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது.

தன்னைத்தானே பிடிக்க ஒரு தந்திரம் செய்தாள். வேலையை நிறுத்தும் இடத்தில் தையல் சாக்கட்டியால் நீலக் கோடு ஒன்று போட்டு வைத்தாள். காலையில் பார்த்தால், கோட்டைத் தாண்டித் தையல்! தானே கோடு போட்டு, தானே தாண்டி, அது தனக்கே தெரியவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

அதைவிட மோசமான காலை ஒன்று வந்தது. அன்றும் நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு வரிசை. பிரிக்க ஊசியை நுழைத்தவள் நிறுத்திக்கொண்டாள். தையல் நேராக இருந்தது, பொடியாக இருந்தது. முடிச்சைத் தேடினாள், கிடைக்கவில்லை, பஞ்சுக்குள்ளே ஒளிந்திருந்தது. இது தன் கைத் தையல்தான், சத்தியமாகத் தன்னுடையதுதான். அப்படியென்றால் சாக்கட்டிக் கோட்டை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாளா? எது சரி, எது தப்பு என்றே பிடிபடவில்லை. கோட்டைத் தட்டி அழித்துவிட்டு, அதற்குக் கீழேயே மேற்கொண்டு தைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் பார்த்து அவர் குஷியாக இருந்தார். பழைய பாட்டு ஒன்றை மூக்கால் முனகினார். 'இவருக்கு என்ன தெரியும் பாவம்' என்று நினைத்தபடி அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காத. டாக்டர்கிட்டக் காட்டிடலாம். நான் ஆபீஸ்லேர்ந்து நேரா அங்க வந்துடறேன், நீ பஸ் பிடிச்சு வந்துடு" என்றாள் மகள்.

"அப்பாகிட்ட சொல்லாதடி."

"சொல்லலை."

குறித்த நாளில், துணுக்கு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிக் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, டாக்டர் என்னென்ன கேட்பார், எதையாவது எடுத்து வாசிக்கச் சொல்வாரோ என்று யோசித்தாள். கை தானாக மூக்குக்குப் போனது. கண்ணாடி இல்லை. பையில் இல்லை. மறதிக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பியவள் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறாள்! நல்லா விளங்கிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"வாடா ராஜா. வா, வெளிய வா. அடம் பிடிக்காத... சனியனே, வான்னு சொல்றேன்ல!"

போனில் யாருடனோ பேசுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். சட்டத்தின் முன்னால், அவளுடைய முக்காலியில், அவர். இடது கை அடித்துணிக்குக் கீழே. வலது கை மேலே. அந்தக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி நடுங்கிக்கொண்டிருந்தது. தையல்கள் கூடும் தடித்த இடத்தில் ஊசி வராமல் போக, அவர் மடியிலிருந்த மூக்குக் குறட்டை எடுத்து அதன் தலையைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது.

"அப்படி வா வழிக்கு" என்றார் ஊசியிடம். அப்போதுதான் வாசல் பக்கம் திரும்பினார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் முகத்தில் அசடு வழிந்தது. அவளுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்களா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நீங்களா இத்தனை நாளா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகை பாதியிலேயே கோபமாக மாறியது. "பாவி மனுஷா! அக்கா மாதிரி எனக்கும் புத்தி போயிடுச்சுன்னு நினைச்சேன். தைச்சது ஞாபகமில்லாமலே தைக்கறேன்னு நினைச்சேன். டாக்டரைப் பாக்கக் கிளம்பினேன் இப்போ. அன்னிக்கு யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டேனே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "தெரிஞ்சுக்கிட்டே சீண்டறியோன்னுல்ல நினைச்சேன்! நான் போட்டதை எல்லாம் நீதானே பிரிச்சு வச்ச?"

"தப்பா இருந்துச்சு, பிரிச்சேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க மேஸ்திரி இப்படித்தான். சரியா முறுக்காத போல்ட்டை ஒரு வார்த்தை பேசாம கழட்டிக் கீழ வச்சுட்டுப் போயிடுவாரு. மறுபடி போடுன்னு அர்த்தம். நீயும் பேசாம பிரிச்சு வச்ச. சரி, மறுபடி போடச் சொல்றியாக்கும்னு, நீ துணுக்குக்குப் போனதும் நானும் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

அவள் வாயைத் திறந்தாள்.

"'விடுங்க, நான் பண்றேன்'னு ஊசியைப் பிடுங்கியிருப்ப" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "இந்தக் கை விழுந்ததுலேர்ந்து முதல் தடவையா, நீ பிடுங்காம, சரியில்லைன்னு பிரிச்சு மட்டும் வச்ச. அது எனக்கு எவ்வளவு பெருசா இருந்துச்சு தெரியுமா?"

அவள் தரையில் இருந்தபடியே அந்தக் கையைப் பார்த்தாள். செய்யாத நல்லதுக்கு நன்றி வாங்குவதா, செய்த தப்புக்கு மன்னிப்பு கேட்பதா? புத்தி எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருந்தது என்ற நிம்மதி ஒரு பக்கம். தினமும் காலையில் ஒரு மனுஷன் பாடுபட்டுப் போட்டதை மளமளவென்று பிரித்து எறிந்திருக்கிறோமே என்ற வேதனை இன்னொரு பக்கம்.

"ஆனா ஒரு வரிசையை நீ பிரிக்கலை" என்றார் அவர். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "பாஸாயிட்டேன்னு அன்னிக்கு முழுக்கப் பாடிக்கிட்டே இருந்தேன்."

அவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. நேரான வரிசை. ஒளிந்திருந்த முடிச்சு. தன் கைதான் என்று சத்தியம் செய்த தையல்.

"முடிச்சைக்கூட உள்ள தள்ளியிருந்தீங்களே?"

"நீ தைக்கறதைத்தானே காலை பூரா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்? பேப்பர் சும்மா கைக்கு."

"எங்க, அந்த வரிசையைக் காட்டுங்க."

அவர் வானத்தின் மேல் குனிந்தார். விரலால் ஒரு வரிசையைத் தொட்டார். இல்லை என்று தலையாட்டி அடுத்ததைத் தொட்டார். "இது... இல்ல, இதுக்கு மேல." அவள் எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முக்காலியில் அவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். சாம்பல் வானத்தில் மேலிருந்து கீழாக வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. முடிச்சு ஒன்றும் வெளியே தெரியவில்லை. திருப்பி அடித்துணிப் பக்கமும் பார்த்தார்கள். இவர் ஒன்றைக் காட்டினால் அவள் அது என்னுடையது என்றாள். அவள் ஒன்றைக் காட்டினால் இவர் எனக்கு இவ்வளவு நேரா வராதே என்றார்.

போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா இருக்க? டாக்டர் கூப்பிட்டுட்டாங்க. வரணும்கறதையே மறந்துட்டியா?" அவள் குரலில் பயம் இருந்தது.

"மறக்கலைடி. நானும் அப்பாவும் ஒண்ணைத் தேடிக்கிட்டு இருக்கோம். கிடைக்கவே மாட்டேங்குது."

"என்ன தொலைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் தொலையலை" என்றாள் துணுக்கம்மா. "உங்கப்பா கை எது, என் கை எதுன்னு தெரியலைடி."