பிஸ்டலுக்குத் தேங்காயெண்ணெய்

காறிப்போன தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை எங்காவது மூக்கில் பட்டால், கேம்பல் பே என்ற தீவு ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கமும், துவைக்கிற கல்லின்மேல் கிடந்த ஒரு கறுப்புப் பிஸ்டலும், அதைப் பார்க்காமல் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவும் எனக்கு நினைவுக்கு வருவார்கள்.

சுடுகிற பிஸ்டல் அல்ல. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கச் சத்தம் மட்டும் எழுப்புவது. அம்மா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அதுவரை இரண்டு பலகைகளைத் தட்டித்தான் பந்தயம் தொடங்கும். அம்மா கேட்டுக் கேட்டு அதை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து, தன் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, சனிக்கிழமை விளையாட்டு விழா என்றால் அதற்கு முந்தின புதன்கிழமை எடுத்துப் பார்த்தார். இழுத்த விசை இழுத்தபடியே நின்றது. அடுத்த கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

கிழமை வரை சொல்வதற்குக் காரணம், எனக்கு அப்போதே இருந்த நோட்டு எழுதும் பழக்கம். எந்தக் கப்பல் என்று வந்தது, எத்தனை நாள் தாமதம் என்று எழுதுவேன். கப்பல் வராத நாளில் வீட்டில் நடந்ததை எழுதுவேன்.

அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே நிலம் கிடைத்துக் குடியேறியவர். விசையைக் கழற்ற வேண்டுமென்றால் அதைக் குறுக்கே தாங்கும் தீக்குச்சிப் பருமனுள்ள "பின்"னை முதலில் வெளியே தள்ள வேண்டும். அப்பா ஆணியை அதன்மேல் வைத்துத் தட்டினார். அசையவில்லை.

"ஈரத்துல போட்டு வச்சிருக்க. துரு புடிச்சிக்கிச்சி. இன்னா டீச்சரம்மா நீ?"

"பீரோவுலதாங்க இருந்துச்சு."

"பீரோவுல இருந்தா இப்டி ஆவுமா?"

அம்மா துணிக்கொடியைப் பார்த்தார். வேலிக்கு அப்பாலிருந்து சர்தார் அங்கிள் எட்டிப் பார்த்தார். அவரும் பட்டாளத்துக்காரர், பஞ்சாபி.

"அரே பாய், பின் ஜாயேகா கஹாம்? பத்தர் கே அந்தர்?"

பின் எங்கே போகும், கல்லுக்குள்ளேயா என்று கேட்டார். உண்மைதான், பிஸ்டல் கல்லோடு கல்லாகப் படிந்து கிடந்தது, பின் வெளியேற அடியில் வழியே இல்லை. "இவுரு ஒருத்தரு, வேலி மேலயே குடித்தனம்" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா உள்ளே போய்த் தையல் மெஷினின் காலி நூல்கட்டையைக் கொண்டுவந்து, அதன் துளை பின்னுக்கு நேராக இருக்கும்படி அடியில் வைத்தார். அப்போதும் அசையவில்லை. ஆணி வளைந்தது. அப்பா பெரிய சுத்தியலை எடுத்தார்.

"அப் தோ டூட்டேகா," இனி உடையத்தான் போகிறது என்றார் அங்கிள்.

"உடஞ்சா நான்தாங்க பதில் சொல்லணும்," என்றார் அம்மா. "பலகையே போதும்னு ஹெட்மாஸ்டர் அப்பவே சொன்னாரு."

எங்கள் தீவில் மழைக்காலத்துக்கு முன் கத்தி, அரிவாள் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசுவார்கள். மெஷின் எண்ணெய் கப்பலில் வரவேண்டும், தேங்காயோ கொல்லையில் விழுந்து கிடக்கும். அம்மாவின் பிஸ்டலும் துருப்பிடிக்கக் கூடாதென்று, போன மழைக்கு முன் யாரும் இல்லாதபோது சாவியை எடுத்து, ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் எண்ணெய் விட்டவள் நான். அரிவாளைத் தினமும் எடுத்துத் துடைக்கிறார்கள். பீரோவில் மாதக்கணக்காகக் கிடப்பதற்கு அந்த எண்ணெய் ஆகாதென்று எனக்குத் தெரியாது.

நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பிஸ்டல் பக்கத்தில் வைத்தேன். அப்பா சுத்தியலோடு குனிந்து உரக்கப் படித்தார்: "இன்று கப்பல் இல்லை. அம்மாவின் பிஸ்டலுக்கு நிறைய எண்ணெய் விட்டேன்."

"இன்னா எண்ணெய்டி?"

"தலைக்கு வெக்கிறது."

அப்பா இந்தியில் சொன்னதும் அங்கிள் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. "பிஸ்தௌல் கீ சம்பி கர் தீ!" பிஸ்டலுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பிடித்துவிட்டாளாம். அப்பா சிரிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "துரு இல்ல. எண்ணெய் இறுகுன பிசினு," என்றார். அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்கு மிக அருகில் வந்த சொல் எனக்குத் தெரிந்து அதுதான்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நூல்கட்டையின்மேல் வைத்து அப்பா இரண்டே தட்டு, மெதுவாகத்தான் தட்டினார்; பின் துளைக்குள் விழுந்தது. விசையைக் கழற்றிப் பிசினைத் துடைத்தார். முந்தைய அடிகளில் அதன் தலை நசுங்கியிருந்ததால், சைக்கிள் கம்பியில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் போட்டார்.

சனிக்கிழமை நூறு மீட்டர் ஓட்டத்தில் நானும் கோட்டில் நின்றேன். அம்மா கையை உயர்த்தினார். வெடித்தது. மற்றவர்கள் ஓடினார்கள், நான் விசை திரும்பி வருகிறதா என்று அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. "ஓடுடி!" என்று அம்மா கத்திய பிறகுதான் ஓடினேன். கடைசி.

சில ஆண்டுகள் கழித்து, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதே குரலில் அதே "ஓடுடி!"யைக் கேட்டேன். அந்த முறை உடனே ஓடினேன். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது வீடும் பீரோவும் பள்ளி மைதானமும் தண்ணீருக்குள் இருந்தன. பிஸ்டல் பீரோவில் இருந்தது, நோட்டு மேசைமேல்.

இப்போது இன்னொரு தீவில், மின்னி பேயில் இருக்கிறோம். இங்கே பள்ளி விழாக்களில் ஒரு பெட்டி "பீப்" என்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். இதை எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பிஸ்டல் சிக்கியது புதன் அல்ல, வியாழன் என்கிறார். சரிபார்க்க நோட்டு இல்லை. தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல என்றாலும், இந்த ஒன்றை அம்மாவுக்கு விட்டுவிட்டேன்.