துமுவின் கடல் தோட்டம்

என் மனைவி துமுவுக்குக் கடல் என்றால் உயிர். எனக்கு அது பிழைப்பு. கென்யாவில் மொம்பாசாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தீவுக்குக் கடலைக் காப்பாற்றுகிறோம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைப் படகில் கொண்டுபோவது நான். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அவர்களோடு குதிப்பது இவள். நாற்பது வயதில் கற்றுக்கொண்டாள், சம்பளமும் கிடையாது. உடைந்த பவளக் கிளைகளைப் பொறுக்கிக் கயிற்றில் கட்டி வளர்ப்பதுதான் வேலை.

பவளம் வளரும் இடத்தில் வலை போடாதீர்கள் என்று ஊரைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். "மீன் பெருகலேன்னா என் முகத்துல துப்புங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பியாஷாவின் புருஷன், மீன்பிடிக்கிற பகாரா மட்டும் அரைமனதாகத் தலையாட்டினான். கிணற்றடியில் பியாஷா கேலியை விடவே இல்லை. "வாங்க தோட்டக்காரம்மா! கத்திரிக்காய் எப்பப் பறிக்கலாம்?"

மூன்றாம் வருடம் மழை தள்ளிப்போனது, கடல் வெதுவெதுவென்று கிடந்தது. ஒரு காலை துமு கத்திக்கொண்டே மேலே வந்தாள்.

"பூத்துடுச்சுங்க! எல்லாம் பூத்துடுச்சு!"

நீச்சல் கண்ணாடியை மாட்டித் தண்ணீருக்குள் நானும் பார்த்தேன். அடேயப்பா! தவிட்டு நிறத்தில் கிடந்ததெல்லாம் ஊதாவும் நீலமுமாக மின்னியது. பிள்ளைகள் படமாக எடுத்துத் தள்ளினார்கள்.

அன்று மதியமே பியாஷாவைப் பிடித்து இழுக்காத குறையாகப் படகில் ஏற்றினாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "துமு, நான் பேசினதை மனசுல வச்சுக்காதடி" என்றாள் கடைசியில். என் மனைவி சிரித்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பிள்ளைகளின் குழுத் தலைவி நலியாகா வீட்டுக்கு வந்தாள். படங்களைப் பார்த்திருக்கிறாள். தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"அது பூ இல்லக்கா. தண்ணி சூடு தாங்கலேன்னா சிலது இப்படித்தான் மின்னும். அப்புறம் வெளுத்துச் செத்துப்போயிடும்."

"ஆழத்துல இறக்கிட்டா?" என்றாள் துமு.

"அங்கயும் சூடுதான். பாத்துட்டேன்."

"ஏதாவது செய்யேன்டி! இவ்வளவு படிச்சிருக்கியே!"

நலியாகா அழுதுவிட்டாள். நான் யாரைத் திட்டுவது, சூரியனையா?

விடிந்ததும் கரையில் பியாஷா நின்றாள், பெருநாள் துணி உடுத்தி. பக்கத்தில் பகாரா.

"இவரும் பாக்கணுமாம். பாத்துட்டா இன்னும் பத்து வருஷமானாலும் அங்க வலை போடமாட்டாராம். பூ இருக்கும்ல துமு?"

துமு என்னைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இருக்கும். ஏறுங்க."

இன்ஜின் கயிற்றை இழுக்க எனக்குக் கை எழவில்லை.