தாய்மாமன் கொண்டுபோன பை

திருமங்கலம் நாலுவழிச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் காசிமாயனுக்கு வீட்டில் பேச ஆளில்லை. பிள்ளை கிடையாது. மனைவி இறந்த பிறகு கொஞ்ச காலம் குடியில் கிடந்தான். ஒரு நாள் அலங்காநல்லூரில் தங்கச்சி அன்னக்கொடி வீட்டு வாசலில், அவள் மாமியார் வீட்டு ஆட்கள் பார்க்கத் தள்ளாடி விழுந்தான். இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றோடு குடியை விட்டான். விட்டது அவளுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்ப வேண்டுமே.

குடி போன இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்தது. காலையில் போகும் சிறுநீரில் நுரை கட்டி அடங்காமல் நிற்கிறது என்று, பக்கத்து டீக்கடைக்காரனான என்னிடம்தான் வந்து சொன்னான். காலும் வீங்கியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால்தானே என்று திட்டி ஆஸ்பத்திரிக்குத் துரத்தினேன். சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, புரதம் ஒழுகுகிறது, எவ்வளவு என்று தெரிய ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவா என்றார் டாக்டர். லேபில் பெரிய வெள்ளைக் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். விடிந்ததும் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும். வரும்போது வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டி வரவும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தான். அப்போது பார்த்து அன்னக்கொடியின் போன் வந்தது. அவள் மகனுக்கு அன்றைக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. கூடப்பிறந்த தாய்மாமன் உயிரோடிருக்க, அடுத்தவன் மடியில் பிள்ளையை எப்படி வைப்பது என்று மாமியாரே கேட்டுவிட்டாராம். குடிக்காமல் வருவாயா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"வாரேன் தாயி" என்றான்.

வேறு எவனாயிருந்தாலும் கேனை வீட்டில் போட்டுவிட்டுப் போயிருப்பான். இன்னொரு நாள் பிடித்தால் ஆகாதா? இவன் கிறுக்கன். ஒரு சொட்டு விடாதே என்றால் விடமாட்டான். கேனைக் கட்டைப்பையில் வைத்து, மேலே துண்டை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

சர்க்கரைக்காரனால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, இவன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மரத்து மறைவுக்குப் போவான், முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவான், மறுபடி போவான். ஒளித்துக் குடிக்கிறவன் எப்படிப் போய் வருவானோ, அச்சு அசல் அப்படியே. சம்பந்தி வீட்டு ஆட்கள் கண்ணைக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்து வைக்கும்போது அன்னக்கொடி எதிரே வந்து நின்றாள்.

"பையில என்னண்ணே?"

பக்கத்தில் அவள் மாமியார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, மடியில் ஏறத் தயாராகப் பையன். பதினெட்டாம்படி கருப்பன் சந்நிதிப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது என் மூத்திரம் என்று எப்படிச் சொல்வது? தீட்டு என்று விசேஷமே நின்றுபோகும். காலத்துக்கும் அவள் அந்த வீட்டில் பேச்சு வாங்குவாள்.

"சரக்குதான்" என்றான்.

கொட்டிவிட்டு அப்படியே போய்விடு என்றாள். பெரியப்பா மகன் அழகுபாண்டியின் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். இவன் மரத்தடியில் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பையன் வீறிட்டு அழுவது கேட்டதாம்.

சாயங்காலம் இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனைக் கொடு, நான் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம்ணே. குடிகாரன்னா அவளுக்குப் பழகிப்போச்சு. சாமி முன்னால இதத் தூக்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அதாலதான்னு கெடந்து தவிப்பா."

மறுநாளும் அவன் கடை திறக்கவில்லை. வீட்டில் எட்டிப் பார்த்தேன். கேனைக் கழுவி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். போன் பக்கத்திலேயே கிடந்தது. இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. அவனை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை.