மாத்திரைத் தம்பி

செருப்புக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் இருக்கும் பயண ஏஜென்சியில் இரண்டே மேசைகள். ஜன்னலோரம் இருப்பது முதலாளியுடையது. அங்கே டிக்கெட் போடுவார்கள். சுவரோரம் இருப்பது தம்பியுடையது. வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருவது அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே மேசை. கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் மாத்திரைத் தம்பி.

அந்தப் பெயர் வந்த கதையை அவனுடைய அக்கா யார் கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பதினோரு கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, நெஞ்சு வலி வந்ததுண்டா என்று போகும். உண்டு என்றால் கட்டணம் ஏறும். ஆகவே எல்லோரும் இல்லை என்பார்கள். பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்புகூட அவர்களுக்கு இருக்காது. மாத்திரை போட்டுச் சர்க்கரை அடங்கித்தானே இருக்கிறது, அப்புறம் ஏது சர்க்கரை என்பது அவர்கள் கட்சி. அதனால் தம்பி நோயைப் பற்றியே பேச்செடுக்க மாட்டான். "காலையில எழுந்ததும் என்ன மாத்திரை போடுறீங்க?" என்பான். "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதோடும் விடமாட்டான். மாத்திரை டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, மேசையில் கொட்டி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக்கொள்வான்.

முதலாளிக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எதிர்க் கடையில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு இவன் ஒரு மணி நேரம் எடுக்கிறான், ஆளும் எழுந்து எதிர்க் கடைக்கே போய்விடுகிறார் என்பார். ஆனாலும் வேலையை விட்டு அனுப்பமாட்டார். தன் மாமியார் வெளிநாடு போனபோது அவருடைய படிவத்தைத் தம்பி கையில்தான் கொடுத்தார்.

தம்பி ஆரம்பத்திலேயே இப்படி இருந்தவன் அல்ல. சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு மரக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார், இவனும் இல்லை என்று குறித்தான். போன இடத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. சுற்றுலாப் பயணி என்றால் அந்த ஊரில் முழுக் கட்டணம். முன்பணம் கட்டாமல் கட்டில்கூடக் கிடையாது. ஆம்புலன்ஸுக்குத் தனி, வைத்தியருக்குத் தனி, மயக்கம் கொடுத்தவருக்குத் தனி. திரும்பி வரும்போது விமானத்தில் படுத்தே வர ஆறேழு இருக்கைகளின் விலை. பழைய நெஞ்சு நோயை மறைத்தார் என்று காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டது. மரக்கடையை விற்ற பிறகு அவருடைய மகன் ஒருநாள் மாடியேறி வந்தான். சண்டை போடவில்லை, திட்டவில்லை. படிவத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டான். கையெழுத்து ஒன்றுதான் மரக்கடைக்காரருடையது, மற்ற எழுத்தெல்லாம் தன்னுடையது என்று தம்பி அன்று வீட்டில் வந்து சொன்னான்.

வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர். அக்கா அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில், பட்டன் துளை போடும் காஜா மிஷினில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு அறுநூறு சட்டைக்குக் காஜா போடுவாள், ஒன்றுகூடக் கோணாது.

அந்தக் கம்பெனிப் பெண்கள், அக்காவையும் சேர்த்து ஏழு பேர், மூன்று வருஷம் மாதாமாதம் சேர்த்து, ஐந்து நாள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் தயாரானார்கள். டிக்கெட், காப்பீடு எல்லாம் தம்பியின் கடையில்தான். அவன் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கே வந்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட இவ்வளவு கேட்கமாட்டான் என்று அவர்கள் கேலி செய்தார்கள். ஏழாவது படிவத்தை அவன் வீட்டிலேயே எழுதிவிட்டான். அக்காவைப் பற்றி அக்காவிடம் கேட்க என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து பார்க்கிறான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது படிவத்தை நீட்டிக் கையெழுத்து இடத்தைக் காட்டினான். மூன்றாம் பக்கத்தில் பதினோரு "இல்லை" வரிசையாக நின்றது அவள் கண்ணில் பட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அக்காவுக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை அட்டை காஜா மிஷினின் இழுப்பறையில், ஊசிப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது இரவுக்கு ஒன்றை அட்டையோடு கத்தரித்துப் பர்ஸில் போட்டுக்கொள்வாள். தம்பியிடம் சொல்லாததற்குக் காரணம், அவளுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது அவன் மூன்று நாள் தூங்காமல் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதியவன். காய்ச்சலுக்கே அப்படி என்றால் சர்க்கரைக்கு என்ன செய்வானோ என்று நினைத்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கியதில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தம்பி முகம் வாடி வந்தான். எதிர்க் கடையில் படிவம் போட்டுப் போன ஒரு அம்மா வெளிநாட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். விவரம் கேட்டு அவருடைய மகள் இவனிடம் வந்து அழுதிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மறைக்கவே முடியாதுக்கா, என்றான் சாப்பிடும்போது. மயங்கினவரின் கைப்பையைத்தான் முதலில் திறப்பார்களாம், என்ன மருந்து போடுகிறார் என்று பார்க்க. அதை அப்படியே கேஸ் காகிதத்தில் எழுதுவார்கள். அந்தக் காகிதம் நேரே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும்.

அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பர்ஸ் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தனக்கு அங்கே ஏதாவது ஆனால் அந்தக் கடன் யார் தலையில் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருப்பதை எல்லாம் விற்றாவது அவன் கட்டுவான். அதைவிட, படிவத்தில் இருப்பது அவன் எழுத்து. இன்னொரு முறை அந்த எழுத்தை அவன் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இப்போதே சொன்னாலோ, மூன்று வருஷம் பார்த்திருந்த பயணம் போனாலும் போய்விடும்.

எழுந்து போய்ப் பர்ஸைத் திறந்து, மாத்திரையை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். பெயரைப் படித்ததும் தெரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வா. டப்பாவோட," என்றான்.

மறுநாள் அவள் மாடியேறிப் போனபோது முதலாளி விஷயம் தெரிந்து உட்கார்ந்திருந்தார். ஊரையே துருவுகிறவன் கண்ணில் வீட்டுக்குள்ளேயே மண்ணா என்று சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினான்.

"உட்காருங்க. காலையில எழுந்ததும் என்ன மாத்திரை போடுறீங்க?"

"ரொம்பத்தான் பண்ற."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

"சுகருக்கு ஒண்ணு. ராத்திரி ஒண்ணு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவன் எழுதினான். எழுதி முடித்தும் தலை நிமிரவில்லை. "ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்குற ஆள்கிட்ட ஏன் சொல்லல?"

"அதுவும் படிவத்துல இருக்கா?"

"இல்ல. நான் கேக்குறேன்."

"நீ தூங்கமாட்டேன்னுதான்டா."

அவன் பேனாவை மூடி வைத்தான். பிறகு, தப்பு அவள் மேல் பாதி, தன் மேல் பாதி என்றான். யாரிடமும் கேட்காமல் ஒரு கட்டம்கூட நிரப்பாதவன், அவளிடம் மட்டும் கேட்காமல் பதினொன்றையும் நிரப்பியிருந்தான்.

பழைய படிவம் தவறு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு அவனே எழுதிப் போட்டான். டாக்டர் கடிதம் வேண்டும், புதிய ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் அக்காவை இழுத்துக்கொண்டு அலைந்தான். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நான்கரைக்குப் புதிய பாலிசி வந்தது. கட்டணம் இரண்டரை மடங்கு. சாமான் வாங்க அக்கா எடுத்து வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி அதற்கே சரியாகிவிட்டது. ஒரு கைப்பையும் இரண்டு சோப்பும் வாங்கினால் போதும் என்று தேற்றிக்கொண்டாள். பாலிசியின் எல்லாப் பக்கத்தையும் அவன் வரிவரியாகப் படித்துக் காட்டி, அவசர எண்ணை அவள் உள்ளங்கையில் எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினான்.

வெளிநாட்டில் முதல் காலை, ஹோட்டல் சாப்பாட்டு அறையில் ஏழு பேரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்தார்கள். ரொட்டியும் முட்டையும் வந்தன. அக்கா யாரும் பார்க்காமல் மாத்திரையை வாயில் போடப் போனவள், இனி யாரிடம் மறைப்பது என்று அட்டையை மேசைமேல் வைத்தாள். எல்லோரும் பார்க்கும்படி ஒன்றைப் பிரித்துத் தண்ணீர் குடித்தாள். எனக்குச் சுகர், என்றாள்.

காலர் தைக்கிறவள் தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பட்டன் வைக்கிறவள் இரண்டு அட்டை எடுத்தாள். இஸ்திரி போடுகிற பெரியம்மா புடவை மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து, எனக்குத் தைராய்டு, நெஞ்சுக்கும் ஒண்ணு இருக்கு, என்றாள். பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர்கள், ஒருத்தி மாத்திரை ஒருத்திக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்லச் சிரிப்புத் தாங்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். ஆறு பேர் சமாசாரமும் தெரிந்திருந்தும், இத்தனை நாள் வீட்டில் ஒரு வார்த்தை விடவில்லையே என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவங்க விஷயம்க்கா. நான் எப்படிச் சொல்றது?" என்றான் அவன். பிறகு, சாப்பிட்டாளா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று கேட்டான். பின்னால் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. எட்டு பத்துக்கு, என்று அக்கா சரியாகச் சொன்னாள்.