வாசலில் தோண்டிய குழி

நாச்சியாரை நம்புகிறவர்களே, முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் பெரிய சந்தேகக்காரி.

போன மார்கழியில், ராஜபாளையத்தில் எங்கள் வாசலில் கோலம் போடக் குனிந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை பிளந்தது. அந்தப் பனியிலும் சேலை நனைய வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது. மறுநாளும் அதே வாசலில் அதே படபடப்பு. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

யாரோ வாசலில் செய்வினைத் தகடு புதைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அடுத்த வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி செல்விதான்! பாகம் பிரித்ததிலிருந்தே எங்களுக்குள் பேச்சில்லை. என் வீட்டுக்காரரை முழங்கால் ஆழம் தோண்டவைத்தேன். ஓட்டாஞ்சில்லுதான் வந்தது. "தோண்டப் போறோம்னு தெரிஞ்சு எடுத்துட்டியாட்டி?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் அழுதாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய், "தாயே, அது எங்க இருக்குன்னு காட்டிக்குடு" என்று நாச்சியார் முன் அழுதேன். வெளியே வந்து செருப்பு மாட்டக் குனிந்தேன். அங்கேயும் அதே படபடப்பு! எங்கள் வாசல் இங்கே எப்படி வந்தது?

நேரே அங்கிருந்த டாக்டரிடம் போனேன். குனியச் சொல்லி பிரஷர் பார்த்தார். எகிறியிருந்தது. "வாசலாவது, தகடாவது! வயித்துக்குள்ள பாப்போம்மா" என்றார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று அணு மருத்துவ ஸ்கேனும் வேண்டுமாம். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்தை அந்தக் கட்டி இழுத்துக்கொண்டு படத்தில் தெரியுமாம். அதையும் நான் நம்பவில்லை.

துணைக்குக் கூப்பிடாமலே செல்வி வந்தாள். ஊசிக்கு முன், தைராய்டைக் காக்கக் குடிக்க வேண்டிய அயோடின் சொட்டைத் தண்ணீரில் கலந்து நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். "மொதல்ல நீ குடி" என்றேன். அவள் ஒரு மடக்கு குடித்து முகம் சுளித்தாள். "கசக்குக்கா. இப்பம் குடிங்க."

ஊசி போட்ட மறுநாள் படம் எடுத்தார்கள். வலப்பக்கம் ஒரே ஒரு கரும்புள்ளி. வேறெங்குமில்லை. கேட்டேனே, காட்டிக்கொடுத்துவிட்டாள் தாய்! செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ஆபரேஷன் முடிந்தது. இந்த மார்கழி முதல் நாள், செல்வியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பயந்து பயந்து குனிந்தேன். நெஞ்சு சும்மா இருந்தது. தோண்டிய இடம் மட்டும் இன்னும் பள்ளம். கோலம் அங்கே கோணும்.

காரணம் தெரியாத துன்பமா? யார் மேலும் பழி போடுமுன் தாயிடம் கேளுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். இதை எழுதும்போது செல்வி எட்டிப் பார்த்தாள். "எழுதுறதுதான் எழுதுறீக, நான் குடிச்ச கசப்பையும் சேத்து எழுதுங்கக்கா."

எழுதிவிட்டேன்.