பூசைக்குப் போன கைக்கடிகாரம்

கீர்த்தனைகள் இயற்றிய மகான் ஒருவர், முட்களுக்குப் பின்னால் தம்பூராவோடு அமர்ந்திருக்கும் கைக்கடிகாரம் அது. அவர் நினைவாகக் கடிகாரக் கம்பெனி கொஞ்சம்தான் செய்தது. தொலைந்தால் வேறு கிடைக்காதே என்று எனக்கு எப்போதும் பயம். சரஸ்வதி பூசையன்று அதைக் காணவில்லை. அலமாரி, கார், அழுக்குத் துணிக்கூடை எல்லாவற்றையும் கிளறிவிட்டு, எரிச்சலோடு சாமி அறைக்குள் போனேன். புத்தக அடுக்கின் மேல் இருந்தது, கண்ணாடியில் சந்தனப் பொட்டோடு.

அப்பாடா என்று கையை நீட்டினேன்.

"தொடாதீக. பூசையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்," என்றாள் மனைவி. "பாட்டு எழுதுன சாமியப் போயி கார் சாவியோட போட்டு வச்சிருக்கீக."

கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் காரைக்குடி வீட்டில் பூசையில் வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். அதை வாங்கியதிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.